சத்தம் போடாத வண்டி

நாற்பத்தேழு வயதில்தான் அவள் கியர் போடக் கற்றுக்கொண்டாள். இப்போது தெருவுக்கே அவள் 'வண்டிக்காரக்கா'. அதற்கு முன்பு அந்தப் பிக்கப் சரக்கு வண்டியை ஓட்டியவர் அவள் கணவர். கடையிலிருந்து ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின்களை ஏற்றிப்போய் வீடுகளில் இறக்குவது தொழில். ஒருநாள் காலை, ஷூவுக்குள் பாதம் நுழைத்தவர் அப்படியே பக்கவாட்டில் சரிந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது ஒரே ஒரு சொல், 'சரி'. தாகம் என்றாலும் சரி, முதுகு வலி என்றாலும் சரி, கோபம் என்றாலும் சரி. அந்த ஒற்றைச் சொல்லின் ஏற்ற இறக்கத்தைப் பிடித்துக்கொண்டே அவள் ஐந்து வருடம் குடும்பம் நடத்தினாள்.

"பிள்ளை இல்லையேன்னு அழுதேன். இந்தா, தொண்ணூறு கிலோவுல ஒண்ணு கிடைச்சிருச்சு" என்பாள். சொல்லிவிட்டுச் சிரிப்பாள். சிரித்து முடிந்ததும் அடுப்பில் ஏதோ வேலை இருப்பதுபோலத் திரும்பிக்கொள்வாள்.

வண்டியின் பின்பக்கத் தொட்டிக்குள் கறுப்பு பிளாஸ்டிக் லைனர் ஒன்று கிடந்தது. தகரத்தில் கீறல் விழாமல் இருக்க, பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவர் தன் கையாலேயே துளை போட்டு, ஒன்பது திருகாணிகளால் முடுக்கிய லைனர். நாளடைவில் அது தளர்ந்து, வண்டி ஓடும்போதெல்லாம் கடகடவென்று அடித்துக்கொண்டது. தெருப்பக்கத்து ஜன்னலை ஒட்டித்தான் அவர் கட்டில். அந்தச் சத்தம் முனையில் கேட்டதுமே இடது கையால் ஜன்னல் கம்பியைத் தட்டுவார்.

ஒரு மழை நாளில், பின்கதவைத் திறந்தபோது, ஈரப் பிளாஸ்டிக்கில் வழுக்கிய வாஷிங் மெஷின் நேராக அவள் பாதத்தில் இறங்கியது. இரண்டு விரல்கள் முறிந்தன.

"இந்த வழுக்குமரத்தைக் கழட்டிக் கடாசிட்டு ஸ்ப்ரே கோட்டிங் அடிங்கக்கா. சாமான் இருந்த இடத்தை விட்டு அசையாது" என்றார் கடையின் லோடுமேன்.

"அவரு ஆசையா போட்டதுய்யா."

"அவரு ஆசைக்கு உங்க காலைப் பலி குடுப்பீங்களா?"

கால் கட்டுப் பிரித்ததும் பட்டறைக்குப் போனாள். கோட்டிங் அடிக்கும் பெயிண்டர், திருகாணிகளைக் கழற்றி லைனரைத் தூக்கினான். அடியில் சேறு, மக்கிய இலை, வெளியேற வழியில்லாமல் நின்ற தண்ணீர். லைனருக்கும் தகரத்துக்கும் நடுவே மணல் புகுந்து, ஆடி ஆடிப் பெயிண்டையே தின்றிருந்தது. ஒன்பது துளைகளைச் சுற்றியும் துரு. ஒரு மூலையில் பெயிண்டர் விரலை வைத்ததும் விரல் மறுபக்கம் வந்தது.

"எந்த மகராசன் போட்டான் இதை? துளை போட்ட இடத்துல ஒரு சொட்டுப் பெயிண்ட் தொட்டு வெச்சிருந்தா இப்படி அரிக்குமா?"

"எங்க வீட்டுக்காரர்தான்."

பெயிண்டர் நாக்கைக் கடித்துக்கொண்டான். "அப்பல்லாம் எல்லாருமே அப்படித்தான்க்கா போட்டாங்க" என்று முணுமுணுத்தான்.

இற்றுப்போன மூலையை வெட்டி எடுத்து ஒட்டுத்தகடு வைத்து வெல்டிங் செய்தார்கள். மீதியை உரசி, துடைத்து, ஓரங்களில் டேப் ஒட்டிய பின் பெயிண்டர் முகமூடியை மாட்டிக்கொண்டு அடித்தான். கறுப்புப் பூச்சு கண்ணெதிரிலேயே இறுகி, உப்புத்தாளைப்போலச் சொரசொரப்பானது.

"ரெண்டு நாளைக்கு லோடு ஏத்தாதீங்க."

அன்று மாலை அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது ஜன்னல் கம்பி தட்டப்படவில்லை. அவர் அவளைப் பார்த்துத் திடுக்கிட்டார். வண்டி வந்த சத்தம் இல்லை. இவள் மட்டும் நிற்கிறாள்.

"சரி?" என்றார். பிறகு இன்னும் பதற்றமாக, "சரி? சரி?"

அவளுக்குப் புரிந்தது. "ஐயோ, வண்டிய விக்கலைங்க. பக்கத்துச் சந்துலதான் நிக்குது. லைனரை மாத்தினேன், அதான் சத்தமில்ல."

அவர் நம்பவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இரவுச் சாப்பாட்டுக்கு வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலைக்கும் அப்படியே. அவள் பெயிண்டருக்கு ஃபோன் செய்தாள். "ஒரு கை பிடிக்கணும் தம்பி, கோவிச்சுக்காதே."

அவன் வந்தான். அவரை நாற்காலியோடு தூக்கிச் சந்துக்குக் கொண்டுபோய், தாழ்த்திய பின்கதவின் ஓரமாக வைத்தார்கள். வண்டியைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. இடது உள்ளங்கையைத் தொட்டிக்குள் வைத்து மெதுவாகத் தடவினார். சொரசொரப்பு பிடித்திருந்ததுபோல. கை நகர்ந்து நகர்ந்து மூலைக்குப் போய் நின்றது. பூச்சுக்கு அடியில் ஒட்டுத்தகட்டின் விளிம்பு மேடாக இருந்தது. விரலால் அதைச் சுற்றிலும் அளந்தார். துருவைப் பற்றி அவள் அவரிடம் மூச்சுகூட விட்டிருக்கவில்லை. இருபது வருடம் வண்டி ஓட்டியவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கட்டுப் பிரித்திருந்த அவள் காலைப் பார்த்தார். பிறகு அந்த மூலையை.

"சரி" என்றார். குரல் உடைந்தது. "சரி... சரி..."

இந்த 'சரி'யை அவள் அதுவரை கேட்டதில்லை. ஆனாலும் அர்த்தம் தெரிந்தது.

"என்னத்துக்குங்க இப்ப? நீங்க போட்டதாலதான் பன்னெண்டு வருஷம் தாங்குச்சு. இல்லேன்னா எப்பவோ ஓட்டையாயிருக்கும். கேளுங்க, இவனையே கேளுங்க."

"ஆமாங்கய்யா" என்றான் பெயிண்டர், தரையைப் பார்த்தபடி.

அவர் அழுதார். வலது கன்னத்தில் வழிந்ததை அவரால் உணர முடியாது, அவள்தான் துடைத்துவிட்டாள்.

அதன்பின் பதினொரு வாரம் இருந்தார். தெருமுனையில் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டு வருவதை அவள் வழக்கமாக்கிக்கொண்டாள். காய்ச்சல் நெஞ்சில் இறங்கி, ஒரு மத்தியான வேளையில், அவள் மடியில் தலை இருக்கும்போதே மூச்சு அடங்கியது. கூட இருந்தோமே என்ற அந்த ஒன்றைத்தான் அவள் பிறகு எல்லோரிடமும் சொன்னாள்.

ஏழாம் நாள் வேலைக்குத் திரும்பினாள். காலையில் மூன்று வீடு, மதியத்துக்கு மேல் இரண்டு. அவருடைய மருந்து நேரம் பார்த்து எப்போதும் நாலு மணிக்கே கிளம்பிவிடுபவள், அன்று நாலரைக்கும் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். லோடுமேன் கிடங்கின் ஷட்டரை இறக்கப்போனார்.

"இன்னொரு லோடு இருந்தா குடேன்" என்றாள்.

"எல்லாம் முடிஞ்சிருச்சேக்கா. வீட்டுக்குப் போங்க."

"போறேன்" என்றாள். வண்டியின் பின்கதவைத் தாழ்த்தி அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.