கடைசிப் பகுதியில் நாதஸ்வரம்

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது மழை பிடித்துக்கொள்கிறது. பக்கத்திலிருக்கும் தமிழ்க் கடைக்குள் ஒதுங்குகிறேன். முருங்கைக்காய்ப் பெட்டிக்கு மேலே வீடியோ கேசட்டுகள் அடுக்கியிருக்கின்றன. இங்கே டிவியில் வாராவாரம் வரும் ஆங்கிலத் துப்பறியும் நாடகங்களைக் கடைக்காரரே பதிவு செய்து வாடகைக்குக் கொடுக்கிறார். ஒரு கேசட்டின் தலைப்பு எனக்குத் தெரிந்த நாவலுடையது. மதுரையில் இரண்டு முறை படித்திருக்கிறேன்.

"புத்தகத்துக்கு முன்னால இதெல்லாம் நிக்காதுங்க" என்கிறேன்.

"நாடகம் பாத்தனீங்களோ?" என்று கேட்கிறார் யாழ்ப்பாணத்துக் கடைக்காரர்.

"இல்லைங்க."

"பிறகு என்னெண்டு சொல்லுறியள்?"

எனக்குச் சுருக்கென்கிறது. "சரி, முடிவு எப்படி இருந்துச்சு?" என்று மடக்குகிறேன்.

அவர் முருங்கைக்காய்களை நேராக்குகிறார். "கடைசிப் பகுதி அழிய, அதுக்கு மேல என்ர மனிசி மகளின்ர சாமத்தியச் சடங்கைப் பதிஞ்சுபோட்டா. துப்பறியிறவர் எல்லாரையும் கூட்டி வைச்சு வாயைத் திறக்கேக்க நாதஸ்வரம் கேக்கும்."

"மஞ்சள் நீராட்டா? வாடகைக்கு எடுக்கிறவங்க சண்டைக்கு வரலையா?"

"சடங்குக்கு வந்ததும் அவையள்தானே. தங்களைப் பாக்கத்தான் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டு போகினம்."

பஸ் வருகிறது. வாசல்வரை வந்து குரலைத் தாழ்த்துகிறார்.

"அண்ணை, ஆர் கொலைகாரன்?"

"செத்துப்போன பொண்ணோட தாய்மாமன்."

கொஞ்சம் யோசிக்கிறார். முகம் தெளிகிறது.

"அப்ப எங்கட கேசட்டும் பிழையில்லை. நாதஸ்வரத்தோட முதல் வாறது மகளின்ர தாய்மாமன்தான். தேங்காய் உடைக்க, கையில கத்தியோட."