மொச்சை கட்டிய துணி

காரிமங்கலத்துக்குத் தெற்கே சவரிக்கொட்டாய் என்று இருபது வீட்டு ஊர். இருபதும் ஒரே சவரியின் வழி. அதில் ஒரு வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர். மூத்தவன் சின்னப்பன் கட்டிக்கொண்டு வந்தவள் லூர்தம்மாள். இளையவன் சவுரியப்பனுக்கு வாழ்க்கைப்பட்டவள் ராஜமேரி. சவுரியப்பன் கிணற்று வெடியில் போய்ச் சேர்ந்தபோது அவன் மகள் மிக்கேலாவுக்குப் பால் மறக்கவில்லை. அதன்பிறகு ஓரகத்திகள் இருவரும் மாமியார் பெரியநாயகத்தம்மாளின் கீழே ஒரே வாசலில் காலம் தள்ளினார்கள்.

லூர்தம்மாளுக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருஷம், வயிறு திறக்கவில்லை. கிறிஸ்தவ வேதக்காரர் வீடு, மகனுக்கு இன்னொருத்தியைக் கொண்டுவர வழியில்லை. அந்த ஆத்திரமெல்லாம் பெரியநாயகத்தம்மாளின் வாயில் வந்து நின்றது. "மாடு சினை புடிக்கலன்னா சந்தைக்கு ஓட்டலாம். இவள எந்தச் சந்தைக்கு ஓட்டறது?" என்பாள், கேட்கிறவர்கள் கேட்கட்டும் என்று.

அறுபத்தேழாம் வருஷம் கன்னியர் மடத்தில் தையல் வகுப்புத் தொடங்கினார்கள். அங்கே போனால் பொழுது சாயும் வரைக்கும் மாமியார் குரல் கேட்காது. அதற்காகத்தான் லூர்தம்மாள் முதலில் போனாள். போனபிறகுதான் தனக்குக் கை இருப்பது அவளுக்கே தெரிந்தது.

வகுப்பு எடுத்தவர் சிஸ்டர் பிளாவியா. மங்களூர்ப் பக்கத்துப் பெண், லூர்தம்மாளைவிட நாலைந்து வயது சின்னவர். கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். பெங்களூரில் ஆறு மாதம் படித்து வந்த புது வேலை ஒன்றை அவர் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். துணியை வெட்டாமல், மேலே பூவும் வைக்காமல், துணியையே மேடும் பள்ளமுமாக ஆக்குகிற வேலை. நூல் ஓட்டி இழுத்துத் தேன்கூடு மாதிரிச் சுருக்குவது. விசிறியாக மடித்து இறுக்கி வைப்பது. துணிக்குள் கூழாங்கல்லை வைத்து, கழுத்தை நூலால் சுற்றிக் கட்டிவிட்டுப் பிறகு அவிழ்ப்பது. அவிழ்த்தால் கல் இருந்த இடமெல்லாம் மொட்டு மொட்டாக நிற்கும்.

"நோடு லூர்தம்மா, இதுக்குப் பாடம் இல்லே. எனக்கும் பாதிதான் தெரியும். செஞ்சு பார்த்துத்தான் கத்துக்கணும்" என்பார் சிஸ்டர்.

பழைய வேட்டித் துண்டில் கல் கட்டி, சோற்றுக் கஞ்சியில் ஒரு முக்கு முக்கி வெயிலில் காயவைத்து அவிழ்ப்பார்கள். பலாக்காய்த் தோல் மாதிரி வரும். ஆனால் ஒரு தண்ணீரில் அலசினால் எல்லாம் போய்த் துணி பழையபடி வேட்டித் துண்டாகிவிடும். மற்ற பெண்கள், "கட்டறது ஒரு நாளு, கரையறது ஒரு நிமிசம்" என்று சிரிப்பார்கள். லூர்தம்மாள் மட்டும் மறுபடி கட்டுவாள்.

அடுத்த வருஷம் கோடையில் மடத்துக்கு வெளிநாட்டுப் பார்சலில் வெள்ளை நைலான் துணி கொஞ்சம் வந்தது. நைலானைக் கட்டி ஆவியில் வேகவைத்தால் அந்த மேடு பள்ளம் ஆயுசுக்கும் போகாது என்று சிஸ்டர் சொன்னார். துணி இரண்டு பேருக்குத்தான் காணும். நல்ல கை என்று லூர்தம்மாளுக்கு ஒரு துண்டு. புருஷன் இல்லாதவள் என்று, அதே வகுப்புக்கு வந்துகொண்டிருந்த ராஜமேரிக்கு ஒரு துண்டு. சேலத்திலிருந்து பெரிய மதர் வந்து பார்ப்பார். யாருடையது நன்றாக இருக்கிறதோ அவளைப் பெங்களூருக்கு அனுப்பி ஆறு மாதம் படிக்கவைத்து, திரும்பி வந்ததும் இங்கேயே டீச்சராக வைத்துக்கொள்வார்கள்.

டீச்சர். அந்தச் சொல்லை லூர்தம்மாள் யாரிடமும் சொல்லவில்லை. தண்ணீர் இறைக்கும்போதும் களை வெட்டும்போதும் தனக்குள்ளே சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். மலடி என்று கூப்பிடுகிற வாயெல்லாம் டீச்சர் என்று கூப்பிட வேண்டும். அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது, வேறொன்றும் இல்லை.

ஓரகத்திகள் இருவரும் ஓடைக்குப் போய்க் கல் பொறுக்கினார்கள். லூர்தம்மாள்தான் பொறுக்கினாள். ராஜமேரி மிக்கேலாவை இடுப்பில் வைத்துக்கொண்டு முந்தானையை ஏந்தி நின்றாள். முந்தானை நிறைந்தது. வீட்டுக்கு வந்து கொட்டிப் பார்த்தால் ஒன்று நெல்லிக்காய் அளவு, ஒன்று சுண்டைக்காய் அளவு, ஒன்று சப்பை. லூர்தம்மாளுக்கு மனசு ஒப்பவில்லை.

"இத்தன கல்லுல ஒண்ணோட ஒண்ணு சேரலையே மேரி."

"மொட்டுன்னா பெருசும் சிறுசுமாத்தானக்கா இருக்கும்?"

"நீ வெச்சுக்க எல்லாத்தயும். எனக்கு வேற இருக்குது."

அடுக்குப் பானையில் மாமியார் சாம்பல் கலந்து விதைக்கு வைத்திருந்த மொச்சை இருந்தது. அதன்மேல் அவளுக்கு ஒரு வாரமாகவே ஒரு கண். முறத்தில் புடைத்து, சல்லடையில் சலித்து, பிறகு கையால் பொறுக்கி, அச்சில் வார்த்ததுபோல் நானூறு மொச்சை எடுத்தாள். கஞ்சித் துணியில் பத்து மொச்சை கட்டிப் பார்த்தாள். ஒரு முக்குத்தானே, அழகாக வந்தது. வாயில் போட்டுக்கொள்கிற பண்டமாக நினைத்திருந்தால் ஆவியில் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? தினம் அடுப்புக்கு முன்னால் நிற்கிறவள்தானே. ஆனால் அந்த ஒரு வாரமும் அவள் மனசில் இருந்தது மொச்சை இல்லை. மணி.

எட்டு நாள் கட்டினாள். துண்டு சுருங்கிச் சுருங்கி ஒரு சின்ன மூட்டையாக ஆனது. சிஸ்டர் கையில் வாங்கிப் பார்த்து, "எஷ்டு சந்தா! ஒண்ணு போலவே இருக்கே. எவ்வளவு லேசு!" என்றார். உள்ளே என்ன என்று அவர் கேட்கவில்லை. சொன்னால் மற்றவர்களும் அதையே செய்வார்கள் என்று லூர்தம்மாளும் சொல்லவில்லை.

பெரிய மதர் வருகிற நாள் காலையில், மடத்தின் பின்கட்டில் நெல் அவிக்கிற அண்டாவை ஏற்றினார்கள். அடியில் தண்ணீர், மேலே குறுக்குக் கம்பும் வைக்கோலும். வைக்கோல்மேல் முதலில் லூர்தம்மாளின் மூட்டை, அதன்மேல் கல் கனத்த ராஜமேரியின் மூட்டை. மூடி, ஈரச் சாக்கு.

"ரெண்டு ஜெபமாலை வேகணும். அப்புறம் தானா ஆறணும். நடுவிலே திறந்தா ரெண்டு துணியும் போச்சு, ஆயித்தா?" என்று சொல்லிவிட்டு சிஸ்டர் மணியை எடுத்தார். பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள்.

முதல் ஜெபமாலை முடிந்தது. இரண்டாவதில் ஒரு பத்து மணிகூடத் தள்ளவில்லை, வாசம் வந்தது. வகுப்பில் வாயாடி ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள்.

"யாரு வூட்லயோ மொச்சக் கொழம்புடி. கருவாடு போட்டா இன்னும் தூக்கும்."

"செபத்துல என்னாடி பேச்சு?"

"பசிக்குதே, என்னா பண்ண?"

அது எந்த மொச்சை என்று லூர்தம்மாளுக்குத் தெரிந்துபோனது. அண்டாவுக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் கழித்து இன்னொன்று. ஆவியில் மொச்சை ஊதி ஊதி, இறுக்கிக் கட்டிய நூல் அறுகிற சத்தம். அவள் எட்டு நாள் கட்டிய கட்டு அது. எந்த வரிசை அறுகிறது என்றுகூட அவளுக்குத் தெரிந்த மாதிரி இருந்தது.

எழுந்து மூடியைத் தள்ளிவிட்டால் பாதியாவது மிஞ்சும். ஆனால் மேலே இருப்பது ராஜமேரியின் துணி. அது வேகாமல் போனால் வீணாய்ப்போன துணிக்கு யார் பதில் சொல்வது? எதிரே ராஜமேரி கண்ணை மூடிக்கொண்டு, மிக்கேலாவை மடியில் போட்டு, உதடு அசையச் செபித்துக்கொண்டிருந்தாள். லூர்தம்மாள் கையைக் கூப்பிக்கொண்டாள். மற்றவர்களோடு சேர்ந்து பதில் செபம் சொன்னாள். ஒவ்வொரு மணிக்கும் உள்ளே ஒரு நூல் அறுந்தது.

செபம் முடிந்து, அண்டா ஆறுகிற வரைக்கும் ஒருவரும் தொடவில்லை. அவளும் தொடவில்லை.

மதர் வந்தபிறகுதான் அவிழ்த்தார்கள். ராஜமேரியின் துணி முதலில். பெருசும் சிறுசுமாக, சரிந்தும் நிமிர்ந்தும், தூரத்திலிருந்து வத்தல்மலையைப் பார்க்கிற மாதிரி மேடு மேடாக நின்றது. மதர் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். தண்ணீரில் முக்கி எடுக்கச் சொன்னார். அப்படியே நின்றது.

அப்புறம் லூர்தம்மாளுடையது. நூல் அறுந்த இடமெல்லாம் துணி கன்னாபின்னாவென்று கசங்கி இறுகியிருந்தது. அறாத இடத்தில் மொச்சை வெந்து தோல் கிழிந்து, மாவாகத் துணியில் அப்பியிருந்தது. வெள்ளை முழுக்க மொச்சைத் தோலின் பழுப்பு. அந்த வாயாடிதான் மெதுவாக, "அட மாதாவே, கொழம்பு நம்ம வூட்லதானா" என்றாள். சிரிப்பை அடக்க முடியாமல் நாலு பேர் வெளியே ஓடினார்கள்.

"இன்னொரு துண்டு இருந்தா குடுங்க சிஸ்டர். கல்லுலயே கட்டிடறேன்."

"இல்லேம்மா. வந்தது அவ்வளவுதான்."

சிஸ்டர் கண்ணில் தண்ணீர். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று அவருக்கும் தோன்றியிருக்கும். கேட்காமல் விட்டதற்கு அவரால் என்ன செய்ய முடியும்?

அன்று சாயங்காலமே லூர்தம்மாள் துணியைச் சோப்புப் போட்டுத் துவைத்தாள். பழுப்புப் போகவில்லை. கசங்கல் போகட்டும் என்று கரி போடுகிற இஸ்திரிப் பெட்டியை வாங்கி வந்து தேய்த்தாள். சூட்டில் ஒரு மூலை உருகிப் பெட்டியில் ஒட்டிக்கொண்டது. வேட்டித் துண்டென்றால் ஒரு அலசலில் எல்லாம் மறந்திருக்கும். நைலான் எதையும் மறக்கவில்லை.

பெரியநாயகத்தம்மாள் அடுக்குப் பானையைத் திறந்து பார்த்துவிட்டு வாசலில் நின்று கத்தினாள். "வெத மொச்சயக் கொண்டுபோயி அவிச்சுட்டு வந்திருக்கறா பாருங்க! இவ வூட்டுக்கு வந்த நாள்லருந்து எது மொளைச்சுது, இது மொளைக்க!"

ராஜமேரி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அக்கா, கல்லு பூராவும் நீங்க பொறுக்கினதுன்னு சிஸ்டர்கிட்ட சொல்லிடட்டா? நீங்கதான் போவணும்."

"பொறுக்கினா ஆச்சா? கட்டுனது நீ."

"எனக்கு ஒண்ணுமே தெரியாதேக்கா."

"அங்க கத்துக்குடுப்பாங்க. போ."

ராஜமேரி பெங்களூருக்குப் பஸ் ஏறினாள். மிக்கேலாவை லூர்தம்மாளிடம் விட்டுப் போனாள். ஆறு மாதம் அந்தக் குழந்தை அவள் இடுப்பைவிட்டு இறங்கவில்லை. சின்னப்பன்கூடச் சந்தையிலிருந்து பொரி வாங்கிவர ஆரம்பித்தான். மாமியார் வாய் கொஞ்சம் அடங்கியது. வாய் அடங்க டீச்சராகத்தான் ஆக வேண்டும் என்றில்லையோ என்று லூர்தம்மாள் நினைக்கத் தொடங்கிய சமயம், ராஜமேரி திரும்பி வந்துவிட்டாள். மடத்தில் அவளுக்கு ஒரு அறை கொடுத்தார்கள். பெட்டியோடு குழந்தையையும் கூட்டிப்போனாள். பெற்றவள் கூப்பிடுகிறாள், அனுப்பாமல் இருக்க முடியுமா? லூர்தம்மாள் தலைவாரிப் பின்னிவிட்டு அனுப்பிவைத்தாள்.

லூர்தம்மாள் பிறகு வகுப்புக்குப் போகவில்லை. எழுபத்தைந்தில் சின்னப்பன் சந்தையில் ஒரு பழைய மிஷின் பிடித்துக் கொடுத்தான். கடைசிவரைக்கும் ஊர்ப் பெண்களுக்கு ரவிக்கை தைத்தாள். நேர்த் தையல், அவ்வளவுதான். யாராவது நைலான் துணி கொண்டுவந்தால், "இது எனக்கு வராது, டீச்சர்கிட்ட குடுங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவாள்.

ராஜமேரி கட்டிய அந்த முதல் துணியைக் கோவிலில் பீடத்துக்கு முன்னால் தொங்கவிட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் லூர்தம்மாள் பெண்கள் பக்கம் முன்வரிசையில் உட்கார்ந்து அதையே பார்ப்பாள். இந்த மேடு ஓடை வளைவில் எடுத்த கல். இந்தச் சப்பை, புங்கமரத்தடியில் எடுத்தது. எறியப்போய் வேண்டாம் என்று வைத்துக்கொண்டது. எல்லாம் தெரியும் அவளுக்கு.

ஒரு ஞாயிறு மிக்கேலா ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்போது அவளுக்கு எட்டு வயது. பீடத்தைக் காட்டி மெதுவாகச் சொன்னாள்.

"பெரிம்மா, அது எங்கம்மா செஞ்சுது, தெரியுமா?"

"தெரியும் சாமி" என்றாள் லூர்தம்மாள். "உங்கம்மா செஞ்சதுதான்."