பின்னட்டையில் ஒரு வரி

"உங்க எழுத்துல அழுகையே இல்லைங்களே" என்றார் பதிப்பாளர்.

புதுக்கோட்டையில் ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சகத்தின் மாடியில் இருந்தது அவருடைய பதிப்பகம். இரண்டு மேசை, ஒரு கணினி, சுவரோரம் புத்தகக் கட்டுகள். முதலாளி, ஆசிரியர், பார்சல் கட்டுபவர் எல்லாம் அவர் ஒருவரே. கீழே மெஷின் ஓடினால் மாடியில் டீ கிளாஸ் தானாக நகரும். அந்த அதிர்வின் மேல் உட்கார்ந்துகொண்டுதான் பால்புதுமையினர் இலக்கியத்துக்கென்று ஒரு தனி வரிசை கொண்டுவந்துகொண்டிருந்தார். முதல் இரண்டு நூல்களும் நன்றாக அழுதிருந்தன. ஒன்றில் வீட்டைவிட்டுத் துரத்துகிறார்கள், இன்னொன்றில் நாயகியே வீட்டைவிட்டு ஓடுகிறாள். மூன்றாவது என்னுடையது. ஐம்பதை நெருங்கும் ஒருவன், தன்னோடு வாழும் ஆணைப் பற்றி எழுதிய அறுபது வசன கவிதைகள். மழை, மின்தடை, வெந்தயக் குழம்பு, அவனுடைய குறட்டை.

"வீட்ல வெரட்டி விட்டாங்களா?"

"இல்லைங்க. அறுப்பு முடிஞ்சா அரிசி குடுத்து விடுவாங்க."

"அப்பா அடிச்சாரா?"

"ஒருதரம் கை ஓங்குனாரு."

அவர் பேனாவை எடுத்தார். "இந்த விசயத்துக்குத்தானே?"

"இல்லைங்க. கவிதையில எதுகை இல்லைன்னு."

பேனாவை மூடி வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. துயரம் எனக்கும் இருந்ததுதான். ஆனால் அதையே தினமும் உடுத்திக்கொண்டு திரிய முடியவில்லை. துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு வேலைக்குப் போகவேண்டியிருந்தது. எங்கள் ஊரான அன்னவாசலில் எங்கள் இருவரையும் 'ஃப்ரெண்ட்ஸ்' என்றார்கள். எப்போது கல்யாணம் என்று கேட்டார்கள். நாற்பதைத் தாண்டியதும், ஊர் எங்களை மன்னித்ததோ மறந்ததோ, கேட்பதை நிறுத்திக்கொண்டது.

"சரி, பின்னட்டையிலயாவது உண்மையச் சொல்லுங்க" என்று அவரே ஒரு வரி எழுதினார். 'பதினெட்டு ஆண்டுகளாகத் தன் துணைவருடன் அன்னவாசலில் வாழ்ந்துவருகிறார்.'

எங்கள் ஊரில் வசன கவிதையை யாரும் படிக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் அறுபதையும் எழுதியிருந்தேன். பின்னட்டையை எல்லோரும் படிப்பார்கள்.

அந்த வரி அவ்வளவு மரியாதையோடு துணைவர் என்று அழைத்த ஆள், மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவன். செம்புக் கம்பி இழுத்து இழுத்து விரல் நுனியெல்லாம் காய்த்திருக்கும். அவனுடைய அக்காவுக்குக் கணவர் இல்லை. ஆவணியில் அக்கா மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் என்ற முறையில் மண்டபம் முதல் மாலை வரை எல்லாம் அவன் பொறுப்பு. மாப்பிள்ளை வீடு குளத்தூர். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே பத்திரிகை, அதுவும் அதே அச்சகத்தில். அங்கே ஓடுவது அவன் கட்டிக்கொடுத்த மோட்டார்.

பத்திரிகையின் புரூஃப் வந்த அன்று சிவப்பு மைப் பேனாவோடு உட்கார்ந்தான். மாப்பிள்ளை வீட்டார் பட்டியலில், ஆவுடையார்கோவிலில் இருக்கும் ஒரு பெண்மணியின் பெயர் கடைசியில் இருந்தது. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு அங்கே இன்னொரு குடும்பம். அந்தப் பெயரின் மேல் இரண்டு கோடு போட்டான்.

"இதையெல்லாம் போட்டா ஊரு என்ன பேசும்? ஒழுங்கான குடும்பம்னு தெரியணும்ல" என்றான்.

நான் சிரித்துவிட்டேன்.

"எதுக்குச் சிரிக்கிற?"

"ஒண்ணுமில்ல."

சிரித்த வாயோடு என்னுடைய பின்னட்டை வரியை நீட்டினேன். வாங்கிப் பார்த்தான். "கல்யாணம் முடியட்டும்" என்றான். "அக்கா மக வாழ்க்கை. ஆவணி தாண்டட்டும், அப்புறம் போடு." வாசல் வரை போய்த் திரும்பி, "அப்பவும் யோசிச்சுக்கிட்டுப் போடுவோம்" என்றான்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் பதில். தவறென்று சொல்ல முடியாத பதில். அறுபது கவிதைகளில் நான் 'நீ' 'நீ' என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தவன், ஒரு வரியில் மட்டும் 'ஆமாம்' என்று சொல்லமாட்டானா என்று இருந்தது. கேட்கவில்லை. பதிப்பாளரிடம் ஆவணிக்குப் பிறகு என்றேன். பெருமூச்சு விட்டு ஒத்துக்கொண்டார். அதற்குள் அட்டையை, பின்பக்கத்தில் என் படமும் அந்த வரியுமாக, ஒருமுறை ஓட்டிப் பார்த்திருந்தார்கள். அவருக்கு அட்டையில் வானவில் வேண்டும். மெஷினுக்கோ இரண்டு நிறம்தான் தெரியும். நீலமும் மஞ்சளுமாக வானத்தில் ஏதோ கசிந்ததுபோல் வந்ததைப் பார்த்து, அத்தனை தாளையும் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்.

அந்த அச்சகத்தில் எதுவும் வீணாவதில்லை. ஒதுக்கிய தாளில்தான் அடுத்த வேலையின் கட்டுகளைச் சுற்றுவார்கள். கல்யாணப் பத்திரிகை கண்ணீர் அஞ்சலித் தாளைப் போர்த்திக்கொண்டு போகும். அஞ்சலி மஞ்சள் நீராட்டு விழாவைப் போர்த்திக்கொண்டு போகும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அந்த வாரம் குளத்தூருக்குப் போன பத்துக் கட்டுப் பத்திரிகையும் என் புத்தகத்தின் அட்டையைப் போர்த்திக்கொண்டு போயின. ஒரு தாளுக்கு நான்கு முறை என் முகம், நான்கு முறை என் துணைவர்.

கட்டுகள் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை அவன் கடைக்குப் போன் வந்தது. "தம்பி, நேர்ல வாரேன். அவுகளையும் இருக்கச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மாப்பிள்ளையின் அப்பா வைத்துவிட்டார். அச்சகத்துக்குப் பேசியபிறகுதான் விசயம் எங்களுக்குத் தெரிந்தது. அவன் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தான். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அக்காவுக்குப் போன் செய்ய எடுப்பான், வைப்பான்.

வந்தவர் காப்பி வேண்டாம், இப்போதுதான் குடித்தேன் என்று சொல்லிவிட்டு முழுதும் குடித்தார். சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து ஸ்டூலில் விரித்தார்.

"பத்திரிக நல்லா வந்துருக்கு தம்பி. சுத்துன தாளும் நல்லா வந்துருக்கு." என் பக்கம் திரும்பினார். "இது நீங்கதானே?"

"ஆமாங்க."

"போட்டாவுல எளச்சுத் தெரியிறீக."

"பழைய போட்டாங்க."

"அதானே பாத்தேன்." விரலை அந்த வரியின்மேல் வைத்தார். "இதுல துணைவர்னு போட்டுருக்கே..."

என் வாய்க்குள் ஏழெட்டுப் பொய்கள் தயாராக இருந்தன. அச்சுப்பிழை, வேறு யாருடைய குறிப்போ, கவிதைக்காகச் சொன்னது. அவன் முந்திக்கொண்டான்.

"நாந்தாண்ணே."

பதினெட்டு வருடத்தில் அதை வேறொருவரிடம் அவன் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

"அது தெரியும் தம்பி. பொண்ணு பாக்க வந்தன்னைக்கே தெரியும். சட்டைக்கு இஸ்திரி போடலன்னு இவுகள அடுப்படியில வச்சு ஒரு ஏசு ஏசுனீகல்ல. எங்க வீட்லயும் அதே பாட்டுத்தான்."

"பெறகு எதுக்குண்ணே இம்புட்டுத் தூரம்?"

அவர் தாளை மெல்ல மடித்தார். "எனக்கு ஆவுடையார்கோவில்ல ஒரு வீடு இருக்கு. என் மவனுக்கு அம்மை போட்டப்ப, பதினோரு நாளு பக்கத்துல ஒக்காந்து வேப்பெலையில வீசுனவ அவ. அவ பேர அடிச்சவரு நீங்க. செவப்பு மையில, ரெண்டு கோடு. பொண்ணு வீட்டுக்காரக, பேச வேணாம்னு கம்முனு இருந்தேன். நேத்துக் கட்டப் பிரிச்சா இந்தத் தாளு. ஒங்களுக்கு ஒரு வரி இருக்குல்ல? எனக்கும் ஒரு வரிதான் கேட்டேன்."

"போடமாட்டேன்னா?"

"போடாட்டி என்ன, கல்யாணம் நடக்கும். மெரட்டவா வந்தேன்? அடிச்ச ஆளு மொகத்த ஒருதரம் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

அவன் முகத்தை நானும் பார்த்தேன். குனிந்திருந்தது. எனக்குள் ஒரு வாதம் எழும்பிக்கொண்டிருந்தது: மாப்பிள்ளையின் அம்மா, குளத்தூர் வீட்டம்மா, இதற்கு என்ன சொன்னார், அவருக்கு யார் ஒரு வரி கொடுப்பது? பதிப்பாளரின் மாடியில் உட்கார்ந்து பேசினால் ஒரு மணிநேரம் ஓடும் வாதம். ஆனால் சிவப்புக் கோட்டைப் பார்த்துச் சிரித்ததோடு சரி, வேண்டாம் என்று நானும் சொல்லவில்லையே. வாயை மூடிக்கொண்டேன்.

"கட்ட யாருக்கும் குடுத்துறாதீக, வேற அடிச்சுரலாம்" என்றான் அவன். இருவரும் எழுந்தார்கள். நானும் அவன் பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டேன்.

அச்சகத்தில் டைப் செய்யும் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பெயரை எழுத்து எழுத்தாக அவனே சொன்னான். மாப்பிள்ளையின் அப்பா பின்னால் நின்று சரிபார்த்தார். பெயர் விடுபட்டுப்போய் எத்தனையோ கல்யாணங்களில் சண்டை பார்த்த அச்சகம் அது. புரூஃப்பில் பார்ட்டி கையெழுத்து இல்லாமல் மெஷின் ஏற்றமாட்டார்கள். அவன் கையெழுத்துப் போட்டான்.

"அந்தப் புத்தக அட்டையையும் எடுங்கக்கா" என்றான்.

சத்தம் கேட்டுப் பதிப்பாளர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். "அது ஆவணிக்கு அப்புறம்னு சொன்னீங்களே?"

"பத்துக் கட்டு கொளத்தூர் போயிருச்சு. இனி என்னங்க அப்புறம்?"

"வானவில்ல மட்டும் இன்னொருதரம்..."

"அது ஒங்க இஷ்டம். வரிய மாத்தாதீங்க."

அக்கா தாளை நீட்டினார். காய்த்த விரலை ஒவ்வொரு சொல்லின்மேலும் வைத்து, மெதுவாக, ஏதோ அறுந்த கம்பியைத் தேடுவதுபோலப் படித்தான். பேனாவுக்குக் கை நீட்டினான்.

"எழுத்தாளர்தாங்க போடணும்" என்றார் பதிப்பாளர்.

"கவிதையெல்லாம் அவனோடது. இதுல பாதி என்னோடதுங்க" என்று கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினான். பக்கத்தில் நானும் போட்டேன். அக்கா இரண்டு புரூஃபையும் ஒரே கிளிப்பில் மாட்டி, "ஓட்டலாம்" என்று மெஷின் பக்கமாகக் குரல் கொடுத்தார்.