சூடு என்று நினைத்த இரத்தம்

மகளின் பிரசவம் பார்க்க மனைவி கனடாவுக்குப் போய் ஆறு மாதம். கொழும்பு வெள்ளவத்தை பிளாட்டில் நான் தனி. ஒரு காலை பல் தீட்டித் துப்பினால் வாஷ்பேசினில் இரத்தம். பிரஷ்தான் முரசை, அதாவது ஈறை, கிழித்துவிட்டது என்று அந்தப் பக்கம் தீட்டுவதையே விட்டேன். இரத்தம் கூடியது.

மனைவியோடு வீடியோ கோலில் எப்போதும் பேரன் புராணம்தான். குப்புறப் பிரண்டானாம், தும்மினானாம். நான் சாப்பிட்டேனா என்று கேட்க நாதியில்லை. ஒருநாள் கோபத்தில் வாயைத் திறந்து கமெராவில் காட்டினேன். அவள் முகம் மாறிவிட்டது.

"இஞ்சேருங்கோ, இது உடம்புச் சூடு. தம்பிலி குடியுங்கோ. சனிக்கிழமையில நல்லெண்ணெய் வச்சு முழுகுங்கோ. உங்களைத் தனிய விட்டது பிழை. சித்திரைக்கு வந்திடுவன்."

சித்திரை! அந்த இரத்தத்தைக் கும்பிடலாம் போலிருந்தது. பிளாட்டுக்கு முன்னால் காலி வீதித் தள்ளுவண்டியில் தினம் ஒரு தம்பிலி, அதுதான் செவ்விளநீர், குடித்தேன். சனிதோறும் எண்ணெய் வழிய நின்றேன். "நிண்டுட்டுதோ?" என்று நாள் தவறாமல் கேட்பாள். "இல்லை" என்று சொல்வதில் எனக்கொரு சுகம். வெட்கங்கெட்ட கிழவன்தான், ஒத்துக்கொள்கிறேன்.

கீழ்ப்பல் ஒன்று ஆடத் தொடங்கியதும் பயந்துபோய்ப் பல் டொக்டரிடம் ஓடினேன். மகள் வயதுப் பிள்ளை. நீரிழிவு, அதுதான் சீனி வருத்தம், இருக்கிறதா, இரத்தத்தை இளக்கும் குளிசை போடுகிறேனா என்று விசாரித்துவிட்டு வாயைப் பார்த்தாள்.

"அங்கிள், சூடு கீடு ஒண்டுமில்லை. பல்லும் முரசும் சேருற இடத்தில ஊத்தை கல்லா இறுகிப்போச்சு. அதாலதான் முரசு வீங்கி ரத்தம் வருது. ரத்தம் வாற இடத்தைத்தான் விடாமல் தீட்ட வேணும். சொஃப்ட் பிரஷால, மெதுவா."

இரண்டு தடவை வரச்சொல்லிக் கல்லைச் சுரண்டி எடுத்தாள். பல்லிடுக்கில் நூல் விட்டுத் துப்புரவாக்கவும் காட்டித்தந்தாள். சொன்னபடி செய்தேன். பங்குனி முடிவதற்குள், துப்பினால் வெறும் நுரைதான். பல்லின் ஆட்டமும் குறைந்தது.

அன்றும் மனைவி வீடியோவில் கேட்டாள், நிண்டுட்டுதோ என்று. இல்லையென்று ஒரு சொல் சொன்னால் போதும், வந்துவிடுவாள். ஆனால் நித்திரையில்லாத கண்ணோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்ல மனம் வரவில்லை. நின்றுவிட்டது என்றேன்.

"அப்பாடா. அப்ப பயமில்லை. பிள்ளை நடக்கிற வரைக்கும் இருந்திட்டு வரட்டே, என்னப்பா?"

உம்மை விட்டிட்டு எனக்கு இருக்க ஏலாது, வாரும் என்று கத்த வேண்டும் போலிருந்தது.

"ஓம், அவசரமில்லை, ஆறுதலா வாரும்" என்றேன்.