கடைசி வவுச்சர்க்காரி

ரோல்ஸ் சுட்டு விற்பது ஒரு தொழில். அந்த ரோல்ஸைச் சுடுகிற ஆட்களைக் கலைந்து போகாமல் வைத்திருப்பது இன்னொரு தொழில், இதற்கு லீவே கிடையாது. லண்டனில் நாலு பேருக்குச் சம்பளம் போடுகிற என் சக பாவிகளுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. உங்களுக்கும் இரவில் நித்திரை வராது, எனக்கும் வராது.

கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்கிற ஊரில் எனக்கு ஒரு சமையற்கூடம் இருக்கிறது. பாரிசில் கோப்பை கழுவிய காசோடு இங்கே வந்து தொடங்கியது. நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். மிச்சத்தை எனக்கு வாய்த்த முதலாளிமார் திட்டித் திட்டியே படிப்பித்து விட்டார்கள். விலை பேசாமல் ஒரு கட்டுக் கறிவேப்பிலைகூட வாங்க மாட்டேன். ஆனால் என் கடை ஓடுவது என் பேரத்தால் இல்லை, சுகந்தியின் கையால். அவள் சுருட்டுகிற ரோல்ஸுக்கும், முட்டை வைத்துப் பொரிக்கிற மிதிவெடிக்கும்தான் இல்ஃபோர்டிலிருந்து கடைக்காரர்கள் வந்து நிற்கிறார்கள். அவள் போனால் அவர்களும் போவார்கள். அவளைப் பிடித்து வைத்திருப்பது ஒரேயொரு சாமான்தான், அது பிள்ளை பராமரிப்பு வவுச்சர் என்று வெகு காலமாக நம்பியிருந்தேன். அந்தக் கதைதான் இது.

கழிவு

திட்டம் இதுதான். வேலை செய்பவரின் சம்பளத்தில் ஒரு பங்கைக் காசாகக் கொடுக்காமல் வவுச்சராகக் கொடுக்க வேண்டும். நேர்சரிக்கோ, பள்ளிக்கூடம் விட்ட பிறகு பிள்ளையை வைத்திருக்கிற கிளப்புக்கோ அதைக் கட்டலாம். அந்தப் பங்குக்கு வரி இல்லை, நஷனல் இன்சூரன்ஸ் இல்லை. முதலாளியும் தன் பக்கத்து இன்சூரன்ஸைக் கட்டத் தேவையில்லை. முதலாளிக்கும் மிச்சம் என்று கேட்ட பிறகுதான் நான் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.

இதைச் சொல்ல வவுச்சர் கம்பெனியிலிருந்து வந்தவர் ஒரு மலேசியத் தமிழ்த் தம்பி. இங்கே படிக்க வந்து இங்கேயே வேலையில் அமர்ந்தவர், பணிவான பிள்ளை. கம்பெனிக்கு நான் கட்ட வேண்டிய சேவைக் கட்டணத்தைச் சொன்னார். பாதி தருகிறேன் என்றேன். அது எல்லோருக்கும் ஒரே கட்டணம் என்றார். எல்லோரும் உனக்கு மட்டன் ரோல்ஸ் தந்தார்களா என்று கேட்டுத் தட்டை அவர் பக்கம் தள்ளினேன். அவர் வெளியே போய் மேனேஜருக்குப் போன் அடிப்பதும், உள்ளே வந்து தலையாட்டுவதும், திரும்பவும் வெளியே போவதுமாக மத்தியானம் கழிந்தது. கடைசியில் கொஞ்சம் குறைத்தார்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு எழும்பும்போது சொன்னார்:

“அக்கா, நீங்க கொடுக்கப் போற வவுச்சரைவிட இன்னிக்கு என் போன் பில்தான் அதிகமா வரும்லா.”

ரூபனின் வீடு

அடுத்த நாளே எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். அடுப்பை நிறுத்தாமல் சொன்னதால் பாதிப் பேருக்கு விளங்கவில்லை. விளங்கிய பாதிப் பேருக்குச் ‘சம்பளத்தில் கழிப்பது’ என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. முதலில் கையைத் தூக்கியவள் சுகந்தி. அவளுடைய மகள் அப்போது கைக்குழந்தை. இவள் இங்கே, புருஷன் பஸ் டிப்போவில். நேர்சரிக்குக் கட்டியே களைத்துப் போயிருந்தார்கள்.

வான் ஓட்டுகிற ரூபனுக்கும் நேர்சரியில் இரண்டு பிள்ளைகள். அவன்தான் முதல் ஆளாக வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் கோபத்தில் கரண்டியை மேசையில் அடித்தேன். அரசாங்கம் தருகிறதை வேண்டாம் என்கிற மடையனை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று கத்தினேன். அவன் அசையவில்லை. டாகன்ஹமில் வீடு ஒன்று பார்த்து வைத்திருந்தானாம். வவுச்சர் எடுத்தால் மாதச் சம்பளச் சிட்டையில், அதுதான் பேஸ்லிப்பில், தொகை குறைந்து தெரியுமாம். தோசைக்கல்லில் போட்ட வெங்காயம் மாதிரி நான் பொரிந்து கொண்டிருக்க, அவன் சாவியை எடுத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னான்:

“பாங்க்காரன் என்ர பிள்ளையளைப் பாத்துக் கடன் தரமாட்டான் அக்கா, பேஸ்லிப்பைப் பாத்துத்தான் தருவான்.”

சீட்டு

எங்கள் கிச்சினில் மாதச் சீட்டு ஒன்று ஓடுகிறது. ஆளுக்கு ஒரு பங்கு போடுவோம், தேவைப்பட்டவர் கழிவு கேட்டு எடுப்பார். சீட்டை நடத்துகிற தாய்ச்சி நான்தான். பற்றிஸ் மடிக்கிற ரஞ்சியும் அதில் ஒருத்தி. அவளும் வவுச்சர் எடுத்தாள். எடுத்தாளே ஒழிய அதைச் செலவழிக்க வழியில்லை. அவளுடைய பிள்ளையைப் பார்ப்பது சொந்தத் தங்கச்சி. தங்கச்சி பிள்ளை பராமரிப்பவள் என்று எங்கேயும் பதியாதவள், அவளுக்கு வவுச்சரால் கட்ட முடியாது. இதை யாரிடமும் கேட்காமல் ரஞ்சி மாதாமாதம் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறாள்.

ஒரு சீட்டு நாளில் எல்லோரும் காசை வைக்க, இவள் போனை நீட்டினாள். திரையில் வவுச்சர் கணக்கு. “அக்கா, என்ர பங்குக்கு இதை எடுங்கோ.” எனக்குத் தலைக்கு மேல் ஏறியது. அது உன் பிள்ளையின் பெயருக்கு வந்தது, வேறொருத்தரின் பிள்ளைக்குப் போகாது, பதிந்த இடத்துக்கு மட்டும்தான் கட்டலாம், இது காசில்லை என்று தொண்டை வறளக் கத்தினேன். ரஞ்சிக்கோ கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை. சுற்றி நின்ற எல்லோரையும் கையால் காட்டிக் கேட்டாள்:

“இஞ்ச ஆருக்கு அக்கா பிள்ளை இல்லை? ஆர் சீட்டை எடுத்தாலும் நேர்சரிக்குத்தானே கொண்டுபோய்க் கட்டப் போகினம்!”

நியாயம் என்னவோ அவள் பக்கம்தான் இருந்தது. சட்டம்தான் இருக்கவில்லை.

கதவு சாத்தியது

பிறகு அரசாங்கம் இந்தத் திட்டத்துக்குக் கதவைச் சாத்திவிட்டது. புதிதாக யாரும் சேர முடியாது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர் அதே முதலாளியிடம் இருக்கும்வரை தொடரலாம். வேலை மாறினால் அவ்வளவுதான், திரும்பச் சேர வழியில்லை. ரஞ்சி பிள்ளையை நேர்சரியில் போட்டு, சேர்த்ததையெல்லாம் அங்கே கட்டித் தீர்த்துவிட்டு, வேறு வேலைக்குப் போய்விட்டாள். மிஞ்சியது சுகந்தி மட்டும்.

எல்லோரும் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருக்க, நான் மட்டும் உள்ளுக்குள் சிரித்தேன். சுகந்தியை வேறு யாரும் கொத்திக்கொண்டு போகாதபடி அரசாங்கமே ஒரு பூட்டுச் செய்து என் கையில் தந்திருக்கிறதே! ஆனால் அந்தப் பூட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. வவுச்சரைக் கழித்த பிறகும் அவளுடைய சம்பளம் குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கீழே போகக்கூடாது என்பது சட்டம். ஒவ்வொரு ஏப்ரலிலும் குறைந்தபட்சம் ஏறும். அவளுக்கும் நான் ஏற்றுவேன். அவள் வாய் திறந்து கேட்டதே இல்லை.

எங்கள் கணக்காளர் கோலியர்ஸ் வுட்டில் இருக்கிற தமிழ்நாட்டுக்காரர். ஒரே ஒரு ஆளுக்காக ஏன் இந்தத் திட்டம், மூடிவிடலாமே என்று வருஷா வருஷம் கேட்பார். உம்முடைய வேலை கூட்டுவதும் கழிப்பதும், எனக்குப் புத்தி சொல்வதில்லை என்று வருஷா வருஷம் நானும் பாய்வேன். இந்த வருஷம் மனுஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்:

“மேடம், அவங்களை நீங்க பிடிச்சு வச்சிருக்கீங்களா, இல்ல அவங்க உங்களைப் பிடிச்சு வச்சிருக்காங்களா?”

ஹாரோக்காரர்

போன மாதம் ரூபன் டெலிவரி முடித்து வந்து, வானிலிருந்து இறங்காமலே செய்தி சொன்னான். ஹாரோப் பக்கத்தில் கல்யாணச் சாப்பாடு செய்கிற ஒரு பெரிய ஆள் சுகந்தியிடம் பேசியிருக்கிறாராம். அதற்குப் பிறகு எனக்கு இருப்பும் இல்லை, நிற்பும் இல்லை. கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன். உருளைக்கிழங்கு கொண்டு வந்தவனோடு சண்டை பிடித்தேன், அவன் கொண்டு வந்ததில் ஒரு பிழையும் இல்லை. ஃபிரீசரைத் திறந்து வைத்துக்கொண்டு எதற்குத் திறந்தேன் என்று யோசித்தேன். நீங்களும் இந்த நிலைமையில் நின்றிருப்பீர்கள், தெரியும்.

கடைசியில் தாங்க முடியாமல், ரஸ்க் தூள் பிரட்டிக்கொண்டிருந்தவளின் முன்னால் போய் நின்றேன். “போறதெண்டால் போ. ஆனால் வவுச்சர் போகும், தெரியும்தானே? திரும்பக் கிடைக்காது” என்றேன். என் கையிலிருந்த ஒரே துருப்புச் சீட்டு அது.

“போனால் போகட்டும் அக்கா” என்றாள், கையை நிறுத்தாமல். “இப்ப வேறை ஒண்டு இருக்கு. நாங்கள் எட்டுப் பவுண் போட்டால் அரசாங்கம் ரெண்டு பவுண் போடும். எங்கை வேலை செய்தாலும் அது வரும். மகள் போற கிளப் டீச்சர் எப்பவோ சொன்னவ.”

பூட்டு, சாவி, எண்ணெய் எல்லாம் ஒரு நிமிஷத்தில் போயிற்று. ஆனாலும் பேரக்காரி பேரக்காரிதானே. “அப்ப அவன் கூடத் தாறானோ? எவ்வளவெண்டு சொல்லு. அதுக்கு மேல நான் தாறன்.” அவள் ரோல்ஸைத் தட்டில் வைத்துவிட்டு முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்:

“அவர் தாறது உங்களை விடக் குறைவு அக்கா. ஆனால் ஆள் கத்துறேல்லை.”

பேரம்

என் வாழ்க்கையில் எத்தனையோ சாமானுக்கு விலை பேசியிருக்கிறேன். என் சத்தத்துக்கு விலை பேசியது அன்றைக்குத்தான். முதல் விலையை நான் சொன்னேன்: திங்கள் முதல் வியாழன்வரை கத்த மாட்டேன், வெள்ளி சனி ஓர்டர் கூட, அது ஏலாது. “வெள்ளி சனிதான் அக்கா நீங்கள் கூடக் கத்துறது. அதில்லாட்டி எனக்கு இந்த யாவாரம் வேண்டாம்” என்றாள். சரி, உன்னைப் பார்த்துக் கத்தாமல் மற்றவர்களைப் பார்த்துக் கத்தலாமா என்று கேட்டேன். “நீங்கள் ஆரைப் பாத்துக் கத்தினாலும் துள்ளுறது நான்தான்” என்று சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினாள். முழங்கைக்குக் கீழே எண்ணெய் பட்ட தழும்பு. “போன கிழமை ரூபனை ஏசினியள். நான் ரோல்ஸ் எண்ணெய்க்குள்ளை விட்டுக்கொண்டு நிண்டனான்.”

அதற்குப் பிறகு என்னால் இழுத்துப் பறிக்க முடியவில்லை. அடுப்பு எரிகிற நேரம் கிச்சினுக்குள் சத்தம் கிடையாது, யாரை ஏசுவதென்றாலும் வெளியே கார் பார்க்குக்குப் போய்த்தான் ஏச வேண்டும் என்று முடிவாயிற்று. அப்ப நீ போகவில்லைத்தானே என்று கையை நீட்டினேன். அவள் கையெல்லாம் ரஸ்க் தூள், நீட்டவில்லை.

“ஒரு மாசம் பாப்பம் அக்கா. ஹாரோக்காரரிட்டை இல்லையெண்டு சொல்லேல்லை, பிறகு சொல்லுறன் எண்டுதான் சொன்னனான்.”

வரியை மிச்சம் பிடிக்க எங்களுக்கு அடுக்கடுக்காகத் திட்டம் போட்டுத் தருகிற அரசாங்கம் வாயை மிச்சம் பிடிக்க ஒன்றும் போடாததால், அந்தச் செலவு முழுவதையும் நான் இப்போது மழையோ வெயிலோ கார் பார்க்கில் நின்று தனியாகச் செய்துகொண்டிருக்கிறேன்.