டீக்கடையில் எழுதிய பன்னிரண்டாம் நம்பர் வீடு

கதவைத் தட்டிக் கேள்வி கேக்குறதுதான் எங்க படிப்பு. கதவு திறந்தா பயம், திறக்கலைன்னா மார்க் போச்சு.

சுகாதாரமும் சமூகமும் சேர்ந்த முதுகலைன்னு சொன்னா கேக்க நல்லாத்தான் இருக்கும். ரெண்டாவது வருஷம் முழுக்க வெயில்ல தெருத்தெருவா அலையணும்னு சேரும்போது ஒருத்தரும் சொல்லல. நீங்களும் கணக்கெடுக்கவோ, ஓட்டர் லிஸ்ட் சரிபார்க்கவோ போய் நாய்கிட்ட மாட்டினவங்களா இருந்தா, வாங்க, நாமெல்லாம் ஒரே ஜாதி. நானும் கூடப் படிக்கிற பர்வீனும் ஒரே ஆய்வு. நாள்பட்ட நோயோட இருக்கிறவங்களை யாரு கவனிச்சுக்கிறாங்கன்னு நூறு வீட்டுல கேக்கணும். பேரு கேக்கக் கூடாது. வீட்டு நம்பர், வயசு, நோவுன்னு பதினாலு கேள்வி, அவ்ளோதான். படிவத்தோட கடைசியில ஒரு கட்டம் இருக்கும்: ‘ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டுமா?’ தேவைன்னு டிக் போட்டா, நாங்களே மறுபடியும் அந்த வீட்டுக்குப் போய் ஆளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். அந்தக் கட்டத்தை மட்டும் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்குங்க.

உள்ள யாருமில்ல

கீழ்பென்னாத்தூர்ல ஒரு வீடு. வாசல் பூரா வேர்க்கடலை காயுது. முப்பத்தஞ்சு வயசு இருக்கும் அந்தம்மாவுக்கு. நல்ல மரியாதை, கேக்காமலே மோர் கொடுத்தாங்க. வீட்டுல எத்தனை பேர்னு கேட்டேன். “நானும் எம் பையனும்தான். அவன் ஸ்கூலுக்குப் போயிருக்கான்”னாங்க. ரெண்டு வாரத்துக்கு மேல யாருக்காவது இருமல் உண்டான்னு அடுத்த கேள்வி. இல்லைன்னு அவங்க சொல்லி முடிக்கல, உள் ரூம்ல ஒரு இருமல். ஆம்பளை இருமல். ஆரம்பிச்சா நிக்கவே மாட்டேங்குது, நடுவுல மூச்சு இழுக்குற சத்தம் வேற.

பர்வீன் என் கையைக் கிள்ளினா. அந்தம்மா முகத்துல ஒரு அசைவு இல்ல. ஆளை மறைக்கிறாங்கன்னு புரியுது. ஆனா எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது, சொன்னதை மட்டும் எழுதணும்னு. ‘இருவர், இருமல் இல்லை, அனுப்பத் தேவையில்லை’ன்னு எழுதிட்டு எழுந்தேன். மனசு கேக்காம, “உள்ள யாரோ இருமுறாங்களேம்மா”ன்னேன். அவங்க கால் விரலால கடலையைக் கிளறிக்கிட்டே சொன்னாங்க:

“இருமலா? எனக்கு ஒண்ணும் கேக்கலியே.”

பதினாலு பதில்

ரமணாசிரமம் பக்கத்துல வாடகை ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற ஒருத்தர். இருதய ஆபரேஷன் ஆனவர், மௌனத்துல இருக்கார், எழுதித்தான் காட்டுவார்னு வீட்டுக்கார அம்மா சொன்னாங்க. பேசாதவர்கிட்ட பதினாலு கேள்வி கேக்கணுமான்னு எனக்கு எரிச்சல். மணி பன்னெண்டு, பசி வேற.

நான் பையைத் திறக்கிறதுக்கு முன்னாடியே அவர் சட்டைப்பையிலேந்து நாலா மடிச்ச ஒரு சீட்டை எடுத்து நீட்டினாரு. ஒண்ணுலேந்து பதினாலு வரைக்கும் வரிசையா பதில். படிவத்தை எடுத்துப் பக்கத்துல வெச்சுப் பாத்தேன். அஞ்சாவது கேள்விக்கு அஞ்சாவது பதில், ஒன்பதாவதுக்கு ஒன்பதாவது. ‘யார் கவனிக்கிறார்கள்?’க்கு நேரா ‘யாருமில்லை’. போன வருஷம் சீனியர் யாராவது வந்திருப்பாங்க, அதே கேள்விதானேன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். படியிறங்கும்போதுதான் பர்வீன் ஞாபகப்படுத்தினா, கேள்வி வரிசையை நாங்க மாத்தினதே போன வாரம்தான். கேட் வரைக்கும் கூட வந்த வீட்டுக்கார அம்மா சொன்னது:

“ரூமுக்கு வந்த நாள்லேந்து அந்தச் சீட்டு அவரு பையிலயேதான் இருக்கும்மா. இன்னிக்குத்தான் வெளிய எடுத்தாரு.”

டீக்கடை சர்வே

இனிமே உண்மையைச் சொல்லித்தான் ஆகணும். தொண்ணூத்தாறு வீடு முடிச்சிட்டோம், நாலு பாக்கி. மறுநாள் படிவத்தைக் கொடுக்கணும். வேலூர்ல பர்வீனுக்கு ஒரு வேலை காத்துக்கிட்டு இருந்தது. ரிசல்ட் வந்தா வேலை, இல்லைன்னா வீட்டுல நிக்கா பேச்சு. அன்னிக்குப் பாத்து பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியவே நிறுத்திட்டாங்க. ஆட்டோவும் கிடைக்கல. செங்கம் ரோட்டுல ஒரு டீக்கடையில உக்காந்து ஆளுக்கு ரெண்டு படிவம், இல்லாத வீட்டை நாங்களே எழுதினோம். எங்க வகுப்புல இதுக்குப் பேரே டீக்கடை சர்வே. யோக்கியம் பேச நான் வரல. நீங்களும் ஒரு தடவையாவது செஞ்சிருப்பீங்க.

வேங்கிக்கால்ல கலெக்டர் ஆபீஸுக்குப் பின்னாடி இருக்கிற புது மனையில, மூணாவது குறுக்குத் தெரு, பன்னெண்டாம் நம்பர்னு வாய்க்கு வந்ததைப் போட்டேன். பெண், வயசு நாப்பத்தாறு, தனியா இருக்காங்க. சுகர். நாலு மாசமா மாத்திரை இல்ல. இடது கால் சுண்டு விரல்ல கொப்புளம். ஆறு மாசமா வீட்டுக்கு யாரும் வரல. நிஜம் மாதிரி இருக்கட்டும்னு குறிப்புல ஒரு வரி சேத்தேன்: ‘வாசலில் ஒரே ஒரு செருப்பு, வலது கால்.’ கடைசிக் கட்டத்துல தேவையில்லைன்னு டிக். இல்லாத ஆளை எங்க போய்க் கூட்டிட்டு வர்றது? படிச்சுப் பாத்துட்டு பர்வீன் விழுந்து விழுந்து சிரிச்சா.

“இவ்ளோ துல்லியமா எழுதாதடி, ஆளு எழுந்து வந்துடப் போவுது.”

மேடத்துக்குப் பிடிச்ச படிவம்

பத்து நாள் கழிச்சு எங்க கைடு மேடம் கூப்பிட்டு, நூறு படிவத்தையும் புரட்டிட்டு, சரியா ஒண்ணை உருவினாங்க. அதே பன்னெண்டாம் நம்பர். இவங்களைப் பத்தித் தனியா ஒரு அத்தியாயம் எழுதணும், திரும்பப் போய் விவரமா பேசி, சம்மதக் கையெழுத்து வாங்கிட்டு வான்னாங்க. அங்கேயே ஒத்துக்கிட்டிருக்கலாம். ஒத்துக்கிட்டா ரெண்டு பேர் பட்டமும் போச்சு, பர்வீன் வேலையும் போச்சு. சரிங்க மேடம்னு தலையாட்டினேன். மேடம் அந்தப் படிவத்தைத் தடவிக் கொடுத்துக்கிட்டே சொன்னாங்க:

“தொண்ணூத்தொம்பது வீட்டுல அவசரமா கேட்டிருக்க. இந்தப் பொம்பளைகிட்ட மட்டும்தான் நிஜமா உக்காந்து பேசியிருக்க.”

பன்னெண்டாம் நம்பர்

மறுநாள் காலையில பத்து மணிக்கு வேங்கிக்காலுக்குத் தனியா போனேன். பர்வீன் வர மாட்டேன்னுட்டா. அப்படி ஒரு வீடே இருக்காது, வீடு காலி பண்ணிட்டாங்கன்னு மேடம்கிட்ட சொல்லிடலாம்னு கணக்கு. மூணாவது குறுக்குத் தெரு இருந்தது. பாதி காலி மனை, பாதி புது வீடு. ஆள் நடமாட்டமே இல்ல. பத்து, பதினொண்ணு, அதுக்கப்புறம் பெயிண்ட்டுல பன்னெண்டு. வாசல்ல ஒரே ஒரு செருப்பு. எந்தக் கால்னு குனிஞ்சு பாக்க எனக்கு தைரியம் வரல, ஆனாலும் பாத்தேன். வலது கால்.

திரும்பி ஓடியிருப்பேன். அதுக்குள்ள கதவு திறந்துடுச்சு. நாப்பத்தாறு வயசுன்னு நான் எழுதினேனே, அதே வயசுதான் இருக்கும். இடது கால்ல துணி சுத்தியிருந்தது, அதுலேந்து ஒரு வாடை. “வா. அன்னிக்குத் தண்ணி கூட குடிக்காம போயிட்ட”ன்னாங்க. எந்த அன்னிக்குன்னு கேட்டேன். பௌர்ணமி அன்னிக்கு மத்தியானம்னாங்க. “எல்லாத்தையும் எழுதிக்கிட்ட, யாராவது வருவாங்கன்னு நெனச்சேன். அன்னிக்குக் கொப்புளமாதான் இருந்தது, இப்போ பாரு”ன்னு துணியை அவுத்தாங்க. விரல் கறுத்துப் போயிருந்தது. நான் வரவே இல்லைங்கன்னு சொல்ல வாயெடுத்தேன். வேற யாரோ வந்திருப்பாங்க, இவங்க ஆளை மாத்திச் சொல்றாங்கன்னு நெனச்சுக்கிட்டே இருக்கேன், அவங்க எனக்குப் பின்னாடி தெருவை எட்டிப் பாத்தாங்க.

“முக்காடு போட்டுக்கிட்டு ஒரு பொண்ணு சிரிச்சிட்டே இருந்துதே, அது வரலியா?”

கூட வந்தவங்க

ஆட்டோவுல அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு விரலை எடுத்தாங்க, கால் தப்பிச்சுது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா முழங்காலுக்குக் கீழ போயிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. நான் போட்ட அந்த டிக்குதான் என் கண்ணு முன்னாடி நின்னுச்சு. உள்ள நுழையும்போதே சீட்டு போடுற இடத்துல நோயாளி பேரு கேட்டிருந்தாங்க, நான் முழிச்சேன். “ரெண்டு தடவை வீட்டுக்கு வந்தும் நீ பேரு கேக்கல. கஸ்தூரி. இதையாவது எழுதிக்க”ன்னு அவங்களே சொன்னாங்க. அங்கேயே உக்காந்து அழுதுட்டேன்.

அன்னிக்கே மேடம்கிட்ட எல்லாத்தையும் ஒப்பிச்சேன். கஸ்தூரி அக்கா என்னைப் பாத்ததா சொன்னதை மட்டும் அவங்க நம்பல. நாங்க ஏமாத்தினதை நம்பினாங்க. நூறு வீட்டையும் முதல்லேந்து கேளுங்கன்னுட்டாங்க. பர்வீனோட வேலூர் வேலை போச்சு. அவ என் மேல பாய்வான்னு பயந்துக்கிட்டே வார்டு வாசல்ல நின்னேன். அவ வந்ததும் கஸ்தூரி அக்கா, “அந்தச் சிரிச்ச பொண்ணு வந்துடுச்சு”ன்னு கையை நீட்டினாங்க. பர்வீன் முகம் வெளுத்துப் போச்சு. அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டா. அப்புறம் என்னை வராண்டாவுக்கு இழுத்துட்டு வந்து, மேடம் திருப்பிக் கொடுத்த மீதி டீக்கடைப் படிவம் மூணையும் பையிலேந்து எடுத்தா.

“இதுல ஒரு ஆம்பளைக்கு நெஞ்சுவலி, பக்கத்துல யாருமில்லைன்னு நான்தான் எழுதினேன். வாடி, ஆட்டோ நிக்குது.”

அந்த மூணு கதவும் திறந்துச்சுங்க, கீழ்பென்னாத்தூர்ல அந்த உள் ரூம் கதவையும் போய்த் தட்டினோம், பட்டம் ஒரு வருஷம் லேட்டாத்தான் வந்துச்சு, ஆனா தேவையில்லைங்கிற கட்டத்துல டிக் போட மட்டும் எனக்கு இன்னும் கை வரல.