எல்லா வூட்டுக்கும் போன சொக்கம்மா அடுப்பு

மானாம்பதி தாண்டி ஏரிக்கரை ஓரமா கீற இருளர் குடியிருப்புல சொக்கம்மாவத் தெரியாத ஆளே கிடையாது. சவுக்கு வெட்டப் போனாலும் சரி, நாத்து நடப் போனாலும் சரி, அவ வாய் முன்னால போவும், கை பின்னாலயே வரும். யார் வந்து எது கேட்டாலும் இல்லன்னு சொன்னதில்ல. அந்தக் கொணந்தான் அவளுக்கே வேட்டு வெச்சிச்சி.

அந்தக் குடியிருப்புல ஒரு பயக்கம் கீது. வெளியாளு வந்தா, பொண்ணு பாக்க வரட்டும், நர்சம்மா வரட்டும், ஒரு வூட்டு மானம் எல்லார் மானம். ஒருத்தர் வூட்டு பிளாஸ்டிக் சேர் வரும், இன்னொருத்தர் வூட்டு டேபிள் ஃபேன் வரும். வந்தவங்க போனதும் எல்லாம் அதது வூட்டுக்குத் திரும்பிடும். சொக்கம்மா குடுக்கறது கேஸ் அடுப்பு. சர்க்கார்ல குடுத்தது. சிலிண்டர் தீந்து எத்தினியோ மாசம் ஆச்சி, ரொப்ப வயி இல்ல. சமைக்கறதெல்லாம் வெளிய மூணு கல்லு வெச்சி முள்ளு வெறகுலதான். ஆனா அடுப்ப மட்டும் தொடச்சித் தொடச்சி கண்ணாடி மாதிரி வெச்சிருப்பா.

போன வருசம் சுகுமார்னு ஒரு தம்பி கையில டேப்லெட்ட எடுத்துக்கினு சர்வேக்கு வந்துச்சி. நாட்ல வறுமை கொறஞ்சிக்கினு வருதான்னு சில வருசத்துக்கு ஒரு தபா பாக்கறாங்களாம். காசு மட்டும் இல்ல, அடுப்பு, கக்கூசு, கரண்டு, புள்ளைங்க படிப்பு, எல்லாத்தையும் சேத்துப் பாக்கறாங்களாம். நல்ல விஷயந்தானே! ஆனா நம்ம ஜனம் விருந்தாளி வந்துட்டாருன்னு நெனச்சிக்கிச்சி. தம்பி ஒரு வூட்ல கேட்டுக்கினு கீறப்பவே, சேரும் ஃபேனும் சொக்கம்மா அடுப்பும் பின்பக்கமா அடுத்த வூட்டுக்கு ஓடிச்சி.

"கேஸ் அடுப்பு இருக்கா?"

"தோ கீதே!"

டிக்.

நாலு வூடு தாண்டினதும் தம்பி சிரிச்சிச்சி. "இன்னாக்கா, எல்லாரும் ஒரே கடையில வாங்கினீங்களா?"

"ஆமா தம்பி, மொத்தமா வாங்கினா கொறச்சித் தரான்"னு சொக்கம்மா எடுத்து வுட்டா. ஜனம் வாயப் பொத்திக்கினு சிரிச்சிச்சி.

சிரிக்கத் தெரிஞ்ச புள்ளைக்கு "அடுப்பப் பத்த வையி பாக்கலாம்"னு கேக்கத் தெரியல பாருங்க! அதான் வவுறு எரியுது.

அப்புறம் கிராம சபையில ஒரு ஆபீசர் ஸ்கிரீன்ல வறுமைக் கணக்க ஒரு கோடாக் காட்டினாரு. அதுக்கு முந்தின சர்வேல ஒசரத்துல இருந்த கோடு இப்ப சர்ருனு கீய எறங்கிச்சி. "உங்க குடியிருப்பு வறுமையிலேருந்து வெளிய வந்துடுச்சி!" எல்லாரும் கை தட்னாங்க. மொதல்ல தட்னதே சொக்கம்மாதான். "அதனால உங்களுக்கு வர இருந்த தொகுப்பு வீடு, உங்களவிட கஷ்டப்படற ஊருக்குப் போகுது."

தட்டின கை அப்டியே நின்னுச்சி. அவ கூரைய நீங்க பாக்கணும்! ஓலைக்கு மேல தார்ப்பா, தார்ப்பாக்கு மேல கிழிசல். மய பேஞ்சா அவ பொண்ணு சௌமியா புஸ்தகப் பைய வவுத்தோட கட்டிப் புடிச்சிக்கினு மூலையில நிக்கும். அந்த வூடு வரும்னுதான் இத்தினி நாளு பல்லக் கடிச்சிக்கினு இருந்தா.

"சார், அது என் அடுப்பு சார்! ஒரே அடுப்பு!"

"டேட்டா பொய் சொல்லாதும்மா."

"டேட்டா சொல்லாது சார், நாங்கதான் சொன்னோம்!"

அவ வுடவே இல்ல. கத்தின கத்துல, மறுபடி சரிபாக்க ஆள் அனுப்பறோம்னு சொல்லிட்டுப் போனாங்க.

அந்த ஆள் வர அன்னிக்கிக் காலையிலயே ஓரகத்தி சித்ரா வந்து நின்னா. "அக்கா, அடுப்பக் குடு."

"எதுக்குடி?"

"மேடம் வராங்கல்ல? வெறும் வூட்டக் காட்டச் சொல்றியா? மானம் போவுது."

"ஒயுவுற கூரையில போவாத மானமா?"

"மொத்தமா வாங்கினோம்னு கத வுட்டது நீதான! இப்ப இன்னா, அரிச்சந்திரனுக்குத் தங்கச்சியா?"

சொக்கம்மாக்கு சுருக்குனு தெச்சிச்சி. "ஆமாண்டி, நாந்தான் வுட்டேன். அதான் குடுக்க மாட்டேன்றேன்." பேச்சு வந்த நாள்லேருந்து அவ சொன்ன மொத 'மாட்டேன்' அது.

வந்தது சோபியா மேடம். சொக்கம்மா அவங்களத் தரையில உக்கார வெச்சா, அடுப்புத் திருகத் திருப்பிக் காட்டினா. ஒரு சத்தமும் வரல. வெளிய கூட்டிக்கினு போயி கருப்பேறின மூணு கல்லக் காட்டினா.

மேடத்துக்கு மொகம் சுண்டிப்போச்சி. "எதுல சமைக்கறீங்கன்னுதாம்மா கேள்வியே. அடுப்பு இருக்கான்னு இல்ல."

"அப்டி ஒருத்தரும் எங்கள கேக்கலியே! கேக்காமயே எங்கள பணக்காரங்க ஆக்கிட்டீங்களே!"

மேடம் டேப்ல 'வெறகு'ன்னு மாத்தினாங்க. "உங்களுது மாத்திட்டேன். ஒரு வூடு மட்டும் மாறினா கணக்கு மாறாதும்மா. மத்தவங்களும் உள்ளதச் சொல்லணும்."

அடுத்தது சித்ரா வூடு. ஜனமெல்லாம் பாத்துக்கினு நின்னுச்சி. சித்ரா வாசல்ல நின்னு சொக்கம்மாவ ஒரு மொற மொறச்சா. அப்புறம் சேலத் தலப்ப இடுப்புல சொருவிக்கினு, தட்டிக் கதவ முழுசாத் தள்ளித் தெறந்தா.

"குனிஞ்சி வாங்க மேடம், தல இடிக்கும். உக்கார ஒண்ணியும் கிடையாது."